வீட்டுப்பாடத்தில் அம்மாவின் கையெழுத்து

நம்பிக்கை: "வாய் கிழியப் பேசுறான், எழுதச் சொன்னா மட்டும் எழுத மாட்டேங்கிறான். எல்லாம் திமிரு."

உண்மை: நன்றாகப் பேசும் பிள்ளை எழுத்தில் திணறினால் டிஸ்லெக்சியாவாக இருக்குமோ என்று பார்க்க வேண்டும். கேட்கும் ஒலியை எழுத்தோடு பொருத்துவதில் வரும் சிரமம் இது, புத்திக்குறைவோடு தொடர்பில்லை. 'கெ' எழுதக் கொம்பை முதலில் போடுகிறோம், காதில் முதலில் விழுவதோ 'க்'. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் குறி. நமக்குக் கை தானாக ஓடிவிடும். அந்தப் பிள்ளை ஒவ்வொரு முறையும் யோசித்தாக வேண்டும். இம்போசிஷன் கொடுத்தால் கைதான் வலிக்கும்.

நம்பிக்கை: கண்ணாடி போட்டால், வளர்ந்தால் சரியாகிவிடும்.

உண்மை: ஆகாது. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துக் கற்பித்தால் வாசிப்பு மேம்படும். தொடக்க வகுப்புகளிலேயே ஆரம்பிப்பது நல்லது.

நம்பிக்கை: "பள்ளிக்கூடத்துல பார்த்துப்பாங்க." (பள்ளியில் கேட்டால், "வீட்டுல கவனிக்கிறதே இல்ல.")

உண்மை: 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இல்லாத, டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் குறைபாடு, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளுள் சேர்ந்தது. அதைச் சீக்கிரமே கண்டறிவது பள்ளியின் கடமை என்கிறது 16ஆவது பிரிவு. ஆகவே பள்ளி கைகழுவ முடியாது. ஆனால் ராத்திரி நோட்டை விரித்துவைத்துப் பிள்ளை அழுவது ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? காலையில் அவர் கைக்கு வருவது முழுதாக முடிந்த வீட்டுப்பாடம். பாதியை எழுதியது அம்மா. பாசத்தில் செய்வதுதான், ஆனாலும் ஆசிரியரிடமிருந்து பிள்ளையின் சிரமத்தை ஒளித்துவைப்பது இந்தப் பாசம்தான். எழுதிக்கொடுக்காதீர்கள். அடியில் ஒரு குறிப்பு மட்டும் வையுங்கள்: "அரை மணி நேரம் உட்கார்ந்தான், நான்கு வரி எழுதினான்." வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் பிள்ளையைப் பார்க்க வரும்போது, மதிப்பெண் பட்டியலைவிட அந்த வரி அவருக்கு அதிகம் சொல்லும்.

நம்பிக்கை: தேர்வுச் சலுகை மற்ற பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

உண்மை: தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில், தகுதியான மாணவருக்குச் 'சொல்வதை எழுதுபவர்' கிடைப்பார், கூடுதலாக ஒரு மணி நேரமும் கிடைக்கும். பதில் பிள்ளையின் தலையிலிருந்துதான் வந்தாக வேண்டும். இந்தச் சலுகைக்கான சான்றுக்குப் பத்தாம் வகுப்பில் அலையாமல் முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் பேசுங்கள். இன்னொன்று: அடுத்தவர் எழுத எழுத, நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்வதும் பழக வேண்டிய வித்தைதான். காலாண்டுத் தேர்விலேயே அதற்கு ஏற்பாடு செய்யும்படி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.