புளியும் சாம்பலும்



வெள்ளைப் பள்ளிச் சட்டையில் குழம்பு சிந்தினால் மஞ்சள் கறை படிகின்றது. அதன்மீது சவர்க்காரம் பட்டவுடன் கறை சிவந்து விடுகின்றது. "இருந்த கறையும் பெரிதாயிற்றே!" என்று தாய்மார் மனம் வருந்துவர். உண்மையில் கறை பெரிதாகவில்லை, நிறந்தான் மாறிற்று. மங்கல நாள்களில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்கும்போது நீர் சிவப்பதும் இதே காரணத்தால்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் காரத்தைச் சேர்ந்தால் சிவக்கும். எலுமிச்சைச் சாறு போன்ற அமிலம் பட்டால் மீண்டும் மஞ்சளாகும். கறை பட்ட சட்டையை நன்கு அலசி வெயிலில் உலர்த்தினால், ஒளி பட்டு அந்நிறம் நாளடைவில் மங்கிவிடும். பனிமூட்டம் மிகுந்த நம் கேமரன் மலையில் அவ்வெயில் எளிதில் வாய்க்காது என்பது வேறு செய்தி!

நம் அடுக்களையில் அழுக்கை அகற்றும் பொருள்கள் பெரும்பாலும் இவ்விரு வகையைச் சேர்ந்தவையே. புளி, எலுமிச்சை, மலாய் மொழியில் சுக்கா எனப்படும் வினிகர் ஆகியவை அமிலங்கள். சாம்பல், சமையற் சோடா, சவர்க்காரம் ஆகியவை காரங்கள். எந்த அழுக்குக்கு எது ஏற்றது என்பதை அறிந்து கொண்டால், விலையுயர்ந்த போத்தல்கள் பலவற்றை நாம் வாங்க வேண்டியதில்லை.

முதலில் பித்தளை விளக்கை எடுத்துக் கொள்வோம். பித்தளையில் உள்ள செம்பு, காற்றில் உள்ள உயிர்வளியோடு கூடிக் கருமையான படலமாகின்றது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அப்படலத்தைக் கரைத்து விடுகின்றது. புளியோடு சிறிது உப்பையும் சேர்த்துத் தேங்காய் நாரினால் தேய்த்தால் வேலை விரைவில் முடியும். தேய்த்தபின் உடனே கழுவி, ஈரம் போகத் துடைத்து வைத்தல் வேண்டும். புளி தங்கிவிட்டால் பச்சைக் களிம்பு ஏறும். பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசிய பிறகே நம் முன்னோர் அதில் புளிக்குழம்பு வைத்தனர். அவர்கள் வேதியியல் நூல் எதனையும் படித்தவரல்லர்.

1929ஆம் ஆண்டில் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். அக்காலத்து லயத்து வீடுகளில் விறகடுப்புச் சாம்பலுக்குக் குறைவே இல்லை. சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரம் உண்டு. அது பாத்திரத்தில் ஒட்டிய எண்ணெயோடு சேர்ந்து, சிறிதளவு சவர்க்காரமாகவே மாறி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்குகின்றது. இன்று எரிவாயு அடுப்பு வந்துவிட்டது, சாம்பல் போயிற்று. அவ்விடத்தில் மென்மையான காரமாகிய சமையற் சோடாவைப் பயன்படுத்தலாம். தேநீர்க் கோப்பையின் உட்புறத்தில் படியும் பழுப்புக் கறையை நம்மைவிட அறிந்தவர் யாவர்? ஈரத் துணியில் சிறிது சோடாவைத் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள்.

நம் மலை வீடுகளுக்கே உரிய தொல்லை பூஞ்சணம். சுவரிலும் அலமாரியிலும் பூஞ்சணம் படிந்த இடத்தை வினிகரில் நனைத்த பழந்துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் விட்டு, உலரத் துடைக்கலாம். ஆயினும் சன்னலைத் திறந்து காற்றோட்டம் அளிக்காவிடில் அது மறுபடியும் வந்தே தீரும். சிமெண்டுத் தரையிலும் சலவைக் கல்லிலும் வினிகரை ஊற்றலாகாது. அமிலம் அவற்றை அரிக்கும். அலுமினியப் பாத்திரத்தைப் புளியும் கெடுக்கும், சோடாவும் கெடுக்கும்.

வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் மிகுந்த ஆற்றல் பிறக்கும் என்று நம்புவோர் பலர். கலந்தவுடன் நுரை பொங்குவது கண்ணுக்கு அழகுதான். ஆனால் நுரையாக வெளியேறுவது கரியமில வாயு. ஒன்றின் ஆற்றலை மற்றொன்று அழித்துவிட, எஞ்சுவது ஏறக்குறைய உப்பு நீரே! இரண்டையும் தனித்தனியே பயன்படுத்துக.

இக்கலவையால் பயனில்லை, வேறொரு கலவையாலோ உயிருக்கே ஆபத்து. வீட்டில் வயிற்றுப்போக்கு போன்ற நோய் கண்டால், கழிப்பறையைத் தூய்மை செய்யப் புளியும் சோடாவும் போதா. பிளீச் என்னும் வெளுப்பு நீர் தேவைப்படலாம். அதனோடு வினிகரையோ எலுமிச்சையையோ ஒருபோதும் சேர்க்கலாகாது. சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், முதல் உலகப் போரில், பெல்ஜிய நாட்டு ஈப்பர் போர்க்களத்தில் படைவீரரைக் கொல்ல ஏவப்பட்ட நச்சு வாயு அதுவே. சன்னலில்லாத சிறு குளியலறையில் அதன் கொடுமையை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் பெற்றோர்க்குக் கூற வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் அறிந்த ஒரு வீட்டில், ஆரஞ்சுப் பானம் வந்த போத்தலில் பிளீச்சை ஊற்றி அடுப்படியில் வைத்திருந்தனர். விளையாடிவிட்டுத் தாகத்தோடு வந்த சிறுவன் அதனை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டான். உயிர் பிழைத்தான், ஆனால் பல நாள் கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் அழுதான். அவ்வீட்டாரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. அந்நாளில் என் வீட்டு மண்ணெண்ணெயும் அத்தகைய போத்தலில்தான் இருந்தது. அன்று மாலையே அதனை அப்புறப்படுத்தினேன்.

அத்தகைய விபத்து நேர்ந்தால் குழந்தையை வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். ஏறி வரும் நஞ்சு தொண்டையை மீண்டும் புண்ணாக்கும். குடித்த போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு தானா ராத்தா மருத்துவமனைக்கு விரையுங்கள்; அல்லது 999 எண்ணை அழையுங்கள். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ வந்த கலன்களை எவ்வளவு கழுவினாலும் வீட்டுப் பயனுக்குக் கொள்ளாதீர்கள். பேராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. ஆயினும் பழைய கலன்கள் கொட்டகை மூலையில் கிடக்கக்கூடும். நீங்களே செய்து வைக்கும் புளிக் கரைசலுக்கும் வினிகர் நீருக்கும்கூடப் பெயர் எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மாணவர்களே, விடுமுறையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். மஞ்சள் தூளை நீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி உலர்த்துங்கள். அதனைச் சிறு துண்டுகளாக வெட்டி, சவர்க்கார நீர், சாம்பல் நீர், சோடா நீர், புளிக் கரைசல், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைத் துளித் துளியாக இட்டு, எது சிவக்கின்றது, எது சிவக்கவில்லை எனக் குறித்துக் கொள்ளுங்கள். சோடா நீர் காட்டும் மாற்றம் மிக மெல்லியது. கூர்ந்து நோக்க வேண்டும். பிளீச்சை மட்டும் தொடாதீர்கள். குறிப்பேட்டைப் பள்ளி திறக்கும் நாளில் என்னிடம் காட்டுங்கள்.