சாரலுக்கும் ஒரு கணக்கு

கேள்வி: தென்காசியில் சிறிய ஜிம் தொடங்கப் போகிறேன். வாடகை, கருவிகள், பயிற்சியாளர் சம்பளம் போக வேறென்ன செலவு வரும்?
– வாசகர், தென்காசி

பதில்: முதல் எதிரி ஈரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரல் உங்கள் ஊரையும் நனைக்கும். இரும்பு துருப்பிடிக்கும், விரிப்புகளில் பூஞ்சணம் படரும். துடைக்க, எண்ணெய் விட, கேபிள், பெல்ட் மாற்ற மாதந்தோறும் தனியே பணம் ஒதுக்குங்கள். மின்சாரத்துக்கு வணிகக் கட்டணம்தான். திரைப்பாட்டு ஒலிக்கவும் உரிமக் கட்டணம் உண்டு.

ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. ஆனால், கருவி வாங்கும்போது கட்டிய வரியை அதில் கழிக்க முடியாது; அதையும் முதலீட்டில் சேருங்கள். மூன்று மாதச் செலவுக்கான பணம் கையில் இருந்தால் மட்டுமே கடையைத் திறங்கள்.