டிஸ்க் திறக்கவில்லையா? முதலில் உள்ளே இருப்பதைக் காப்போம்



நிக்காஹ் வீடியோ, பிள்ளைகளின் சான்றிதழ் நகல்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், மறைந்த வாப்பாவின் புகைப்படம் என்று ஒரு குடும்பத்தின் பாதி வாழ்க்கை இன்று உள்ளங்கை அளவு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. ஒரு நாள் அதைக் கணினியில் செருகினால் திறப்பதில்லை. "ஃபார்மட் செய்யவா?" என்று திரை கேட்கிறது. பதற்றத்தில் பலர் 'ஆம்' என்று அழுத்திவிடுகிறார்கள். டிஸ்க் திறக்கிறது; உள்ளே ஒன்றும் இருப்பதில்லை.

ஆகவே பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புதிய டிஸ்கைக் கடையில் வாங்கலாம். உள்ளே இருப்பதை வாங்க முடியாது. அதனால் முதலில் மீட்பு, பிறகுதான் பழுது. ஃபார்மட் என்றோ இனிஷியலைஸ் என்றோ எந்தக் கேள்வி வந்தாலும் 'வேண்டாம்' என்று மூடிவிடுங்கள். பிறகு கீழுள்ள வரிசைப்படி பாருங்கள்.

1. காது கொடுத்துக் கேளுங்கள்

ஹார்ட் டிஸ்கினுள் தகடுகள் சுழல்கின்றன. சிறிய டிஸ்குகளில் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 சுற்று. தகட்டைத் தொடாமல், தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய இடைவெளியில், படிக்கும் முனை மிதக்கிறது. டிஸ்க் கீழே விழுந்திருந்தாலோ, உரசும் சத்தம் கேட்டாலோ உடனே கழற்றிவிடுங்கள். மீண்டும் மீண்டும் செருகிப் பார்த்தால் தகடு கீறப்பட்டு, மீட்கக் கூடியதும் போய்விடும். வீட்டில் திறந்து பார்க்கவும் வேண்டாம். ஃப்ரீசரில் வைக்கவும் வேண்டாம். இது தரவு மீட்பு நிலையத்தின் வேலை.

2. வயரும் மின்சாரமும்

விழாத டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டினால் மின்சாரம் போதாமலும் இருக்கலாம். பழைய யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3.0 தருவது 900. எனவே ஹப் வழியாகச் செருகாமல் நேராகக் கணினியில் செருகுங்கள். மேசைக் கணினி என்றால் பின்பக்கத் துளையே நல்லது. வேறொரு நல்ல கேபிளை மாற்றிப் பாருங்கள்; போன் சார்ஜ் செய்ய மட்டுமே பயன்படும் கேபிள்களும் உண்டு. பெரிய வகை டிஸ்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் தட்டும் சத்தம் நிற்காவிட்டால், முதல் பத்தியில் சொன்னபடி கழற்றி வைத்துவிடுங்கள்.

3. கணினிக்கு டிஸ்க் தெரிகிறதா?

விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் 'டிஸ்க் மேனேஜ்மெண்ட்' என்பதைத் திறங்கள். அங்கே தெரிவதைப் பொறுத்து அடுத்த வேலை:

• 'ஹெல்தி' என்று இருக்கிறது, ஆனால் ஈ, எஃப் போன்ற டிரைவ் எழுத்து இல்லை: வலது கிளிக் செய்து, எழுத்தை மாற்றும் வரியில் 'ஆட்' கொடுத்து ஒரு எழுத்தைச் சேர்த்தால் பெரும்பாலும் திறந்துவிடும்.

• 'ஆஃப்லைன்' என்று இருக்கிறது: இடப்பக்கம் டிஸ்கின் பெயர் மீது வலது கிளிக் செய்து 'ஆன்லைன்' கொடுங்கள்.

• 'ரா' என்றோ 'நாட் இனிஷியலைஸ்டு' என்றோ இருக்கிறது: தரவு உள்ளேயே இருக்கலாம், அதன் அட்டவணை மட்டும் சிதைந்திருக்கலாம். எதையும் எழுத விடாதீர்கள். பிழை திருத்தும் 'செக் டிஸ்க்' கட்டளையும் டிஸ்கிலேயே மாற்றம் செய்வதால், மீட்பு முடியும் வரை அதை இயக்க வேண்டாம். விவரம் தெரிந்தவர் உதவியுடன் டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களைப் பயன்படுத்தலாம். மீட்பவற்றை வேறொரு டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும்.

• பட்டியலிலேயே இல்லை: வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கும் வராவிட்டால் டிஸ்கிலோ அதன் கூட்டிலோ பழுது இருக்கலாம்.

4. பழுதே இல்லாமலும் திறக்காது

ஆப்பிள் கணினிக்கென்று வடிவமைத்த டிஸ்கை விண்டோஸ் தானாகப் படிக்காது; ஃபார்மட் செய்யவா என்றும் கேட்கக்கூடும். டிஸ்க் நலமாகவே இருக்கும். வெளிநாட்டிலிருந்து மகனோ மருமகனோ அனுப்பிய டிஸ்க் என்றால், அதை எந்தக் கணினியில் பயன்படுத்தினார்கள் என்று முதலில் கேளுங்கள். பூட்டுப் படம் தெரிந்தால் அது பிட்லாக்கர் பூட்டு. கடவுச்சொல்லோ, 48 இலக்க மீட்புச் சாவியோ இருந்தால்தான் திறக்கும்.

5. கடையில் கொடுக்கும்போது

வீட்டுப் பெண்களின் படங்களும் அடையாள ஆவணங்களும் உள்ள டிஸ்கை அறிமுகமில்லாதவரிடம் விட்டு வருவது சரியல்ல. முடிந்தால் அருகில் இருந்து செய்துகொள்ளுங்கள். கட்டணத்தை முன்பே கேளுங்கள். மீட்ட பிரதியைத் தங்கள் கணினியில் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று உறுதி வாங்குங்கள். ரசீது இல்லாமல் டிஸ்கை ஒப்படைக்காதீர்கள்.

6. இனி இந்த நிலை வராதிருக்க

கழற்றும் முன் திரையில் 'எஜெக்ட்' கொடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது இழுத்துவிட்டால் அட்டவணை சிதையும். முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதிகள் வையுங்கள். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். கணினியில் ஒன்று, டிஸ்கில் ஒன்று, அண்ணன் வீட்டு அலமாரியில் அல்லது இணையச் சேமிப்பில் ஒன்று என்று வைத்தால் போதும். வெள்ளமோ திருட்டோ வந்தாலும் ஒன்று மிஞ்சும். அரசு வழங்கும் பல சான்றிதழ்களை மத்திய அரசின் டிஜிலாக்கரிலும் பெற்றுக்கொள்ளலாம்.

டிஸ்க் நன்றாக இருக்கும்போதுதான் பிரதி எடுக்க முடியும். இந்த வாரம் ஒரு மாலையை அதற்கு ஒதுக்குங்கள். கணினி பழகிய பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதலில் சான்றிதழ்கள், பத்திரங்கள், பிறகு படங்கள் என்ற வரிசையில் எடுத்து முடியுங்கள். எடுத்த பிரதியை ஒருமுறை திறந்து பார்க்கவும் மறந்துவிடாதீர்கள்.