நடையில் விளையும் நலம்

நுழையும்முன்

விளையாட்டின் பயனை வெற்றி தோல்விகளால் மட்டும் அளந்துவிட இயலாது. விரைந்து ஓடாமலும் ஒருவரோடொருவர் மோதாமலும் ஆடப்படும் ஆட்டமும் உடலுக்கு உரமூட்டும். குழிப்பந்தாட்டம் தரும் உடல்நலம் எதிலிருந்து பிறக்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஆட்டத்தின் வரலாறு

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டம் ஸ்காட்லாந்து நாட்டில் வளர்ந்தது. மக்கள் விற்பயிற்சியை மறந்து இவ்வாட்டத்தில் மூழ்கியமையால், 1457ஆம் ஆண்டு அந்நாட்டுப் பாராளுமன்றம் இதற்குத் தடை விதித்தது. போர்ப்பயிற்சிக்கு இடையூறு என்று அன்று விலக்கப்பட்ட ஆட்டத்தை, இன்று மருத்துவ ஆய்வாளர்கள் உடற்பயிற்சியாகக் கருதி ஆராய்கின்றனர். இந்தியாவில் 1829ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் இதற்கெனக் கழகம் தோன்றியது. தமிழ்நாட்டில் சென்னை, உதகை, கொடைக்கானல் ஆகிய இடங்களில் இதற்கான திடல்கள் உள்ளன.

நடையே அடித்தளம்

முழுமையான ஆட்டம் 18 குழிகளைக் கொண்டது. 46 கிராமுக்கும் குறைவான எடையுள்ள சிறு பந்தைக் கோலால் அடித்து, அது விழுந்த இடம்வரை நடந்து, மீண்டும் அடித்துக் குழியில் சேர்க்க வேண்டும். ஆட்டம் முடிய ஏறத்தாழ நான்கு மணி நேரமாகும். அதற்குள் ஆட்டக்காரர் எட்டுக் கிலோமீட்டர் அளவுக்கு நடந்துவிடுகிறார். தென்காசியிலிருந்து குற்றாலத்திற்குச் செல்லும் தொலைவைவிட இது மிகுதி.

இந்நடை சமதளத்தில் மட்டும் நிகழ்வதன்று. மேட்டில் ஏறும்போது இதயத்துடிப்பு உயர்கிறது; சரிவில் இறங்கும்போது கால்தசைகள் உடலின் சமநிலையைக் காக்கின்றன. இயங்கும் தசைகள் குருதியிலுள்ள சர்க்கரையை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. மூச்சு வாங்கும் அளவுக்குக் கடுமையாக இராமல், மிதமாகவும் நெடுநேரமும் நீடிப்பதால் முதியோரும் இதில் ஈடுபட முடிகிறது.

ஆய்வுகள் கூறுவன

பின்லாந்தில் உடலுழைப்புக் குறைந்த நடுத்தர வயது ஆண்களிடம் நிகழ்த்தப்பட்ட ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டு வெளியாயிற்று. இருபது வாரங்கள் நடந்தே ஆடியவர்களின் உடல் எடையும் இடுப்பளவும் குறைந்தன. குருதியில் நன்மை தரும் கொழுப்பின் அளவு உயர்ந்தது. சுவீடனில் மூன்று இலட்சம் ஆட்டக்காரர்களின் விவரங்களைத் திரட்டிய மற்றோர் ஆய்வு, ஒத்த வயதும் பாலும் வாழ்க்கைநிலையும் உடைய பிறரைவிட அவர்களின் இறப்பு விகிதம் 40 விழுக்காடு குறைவு எனக் கண்டறிந்தது. எனினும், இவ்வேறுபாடு முழுவதையும் ஆட்டத்தின் விளைவாகவே கொள்ளுதல் பொருந்தாது. உடல்நலம் உடையோரே திடலுக்கு மிகுதியாக வருதல் கூடும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முறுக்கும் விடுப்பும்

பந்தை அடிப்பது கைகளின் வேலை மட்டுமன்று. பாதத்தில் ஊன்றி எழும் விசை இடுப்பு, முதுகு, தோள் வழியே ஏறி, இறுதியில் கோலின் முனையை அடைகிறது. தென்மாவட்டங்களில் சிலம்பம் பயில்வோர் இதனை எளிதில் உணர்வர். அங்கும் காலடி பிழைத்தால் கம்பின் வீச்சு வலுவிழக்கும். இத்தகைய அசைவுகள் உடலின் நடுப்பகுதித் தசைகளை இயக்கி, மூட்டுகளின் வளையும் தன்மையைப் பேணுகின்றன. ஆயினும் முறையறியாது உடலை முறுக்குவோர்க்கு இடுப்புவலி உண்டாகும். ஆட்டத்திற்கு முன் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும், வெயிலில் ஆடும்போது போதிய நீர் அருந்துதலும் இன்றியமையாதவை.

தெரிந்து தெளிவோம்

பெங்களூருவைச் சேர்ந்த அதிதி அசோக் 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் குழிப்பந்தாட்டத்தில் நான்காம் இடம் பெற்றார்.

திடல் இல்லாத ஊரில்

பதினெட்டுக் குழிகள் கொண்ட திடலுக்குப் பொதுவாக நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் தேவை. புல்வெளியைப் பேண மிகுந்த நீரும் வேண்டும். கோல்களின் விலையும் கழகக் கட்டணமும் எளியோர்க்கு எட்டாதவை. அவ்வாறாயின், இந்நலம் செல்வர்க்கு மட்டும் உரியதா? அன்று. மின்வண்டியில் அமர்ந்து குழிக்குக் குழி செல்லும் ஆட்டக்காரர் நடையின் பயனில் பெரும்பகுதியை இழக்கிறார். கோற்பையைச் சுமந்து உடன் நடக்கும் உதவியாளரோ அப்பயனைப் பெறுகிறார். நலம் கோலில் இல்லை, நடையில் உள்ளது.

வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்றும், ஐந்து முதல் பதினேழு வயது வரையிலான சிறார் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் இயங்க வேண்டும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகிறது. தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசை போன்ற ஊர்களில் இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மேற்கே மலைத்தொடர் விளங்க, சாரற்காற்று வீசும் காலைப்பொழுதில் நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடந்தால், வாரத்திற்கு 210 நிமிடங்கள் கிட்டும். ஆனால், வாகனங்கள் விரையும் சாலையோரத்தில் முதியோரும் பெண்களும் அச்சமின்றி நடத்தல் அரிது. நிழல்தரும் மரங்களும் பாதுகாப்பான நடைபாதையும் ஊர்தோறும் அமைதல் வேண்டும். சிலருக்குத் திடல் அளிக்கும் நலத்தை அனைவருக்கும் உரியதாக்குவது அத்தகைய பாதையே ஆகும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் பாதுகாப்பாக நடப்பதற்கு ஏற்ற வழிகளையும், அங்குச் செய்ய வேண்டிய மேம்பாடுகளையும் குறிப்பிட்டு உள்ளாட்சி அமைப்புக்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக.