ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் முதலில் தண்ணியைப் பாருங்கள்

மார்கழி பிறந்ததிலிருந்து மாசி முடியும்வரை நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலைக் குளிர் எப்படி என்று நாம் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. சில நாட்களில் கொழுந்து கருகும் அளவுக்கு உறைபனி விழுகிறது. இந்தக் காலத்தில் வேன் ஓட்டும் தம்பிமார் நம்மிடம் சொல்வது, "ஹீட்டரப் போட்டாலும் குளிர் காத்துதாங்க வருது" என்பது. சொல்லிவிட்டு ஜேர்கினைப் போட்டுக்கொண்டு அப்படியே ஓட்டுகிறார்கள். அப்படி விட்டுவிடக்கூடிய காரியம் இல்லை இது.

நம் பக்கத்தில் ஓடும் வேன்களில் பல ஜப்பானில் பாவித்து இங்கே வந்தவை. அங்கே கடும் பனி விழும் ஊர்கள் உண்டு. அதனால் ஹீட்டர் வண்டியோடு வருகிறது. கொழும்பில் ஓடும் வண்டிக்கு அது தேவைப்படாது. நமக்கோ கை கால் சூட்டுக்கு மட்டுமல்ல, முன் கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்கவும் அது வேண்டும். நடுச்சாமத்தில் பிரசவ வலி வந்த தாயை ஏற்றிக்கொண்டு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போகும் டிரைவர், ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறு கையால் வளைவு திருப்புவதை நாம் பார்த்திருக்கிறோம்.

ஹீட்டருக்கென்று வண்டிக்குள் தனி அடுப்பு இல்லை. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணிதான் சூட்டைச் சுமந்து வருகிறது. டாஷ்போர்டுக்குள் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. சுடுதண்ணி அதற்குள் ஓட, அதன்மேல் ஃபேன் காற்றை ஊதுகிறது. பெக்டரியில் வேலை செய்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அடுப்பு எரியாமல் ஃபேன் மட்டும் சுற்றினால் கொழுந்து காயுமா? அதே கதைதான். காற்று வருகிறது என்றால் ஃபேனில் குற்றமில்லை. சூடுதான் வந்து சேரவில்லை.

முதல் சந்தேகம் தண்ணி குறைவு. ஹீட்டர் பல வண்டிகளில் உயரத்தில் இருப்பதால், தண்ணி குறைந்ததும் முதலில் அதற்குத்தான் கிடைக்காமல் போகும். வண்டி நிற்கும்போது குளிர்காற்றும், எக்ஸலேட்டரை மிதித்தால் சூடான காற்றும் மாறி மாறி வந்தால், தண்ணி குறைந்திருக்கிறது அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். "சூட்டு மீட்டர் முள் கீழதானே இருக்கு" என்று நம்பி இருக்க வேண்டாம். மீட்டருக்குச் சேதி சொல்லும் சென்ஸர் தண்ணியில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணி அதற்குக் கீழே இறங்கிவிட்டால் எஞ்சின் கொதிக்கும்போதும் முள் பேசாமல் கிடக்கலாம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அம்மாவின் ஊழியர் சேமலாப நிதிக் காசைப் போட்டு, மிச்சத்துக்கு லீசிங் எடுத்து, மகனுக்கு வேன் வாங்கினார்கள். ஹீட்டர் மூன்று நாள் குளிர்காற்று ஊதியது. நாலாம் நாள் ஏற்றத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. ஒரு ஹோஸில் கிளிப் தளர்ந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணி போயிருக்கிறது. கிளிப்பை முறுக்கி இருந்தால் முடிந்திருக்கும் வேலை. ஹெட் கழற்றிச் சீவி, கெஸ்கட் மாற்றி வண்டி ரோட்டுக்கு வருவதற்குள் இரண்டு மாத லீசிங் கட்ட முடியாமல் போனது.

ஆகவே காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. நுவரெலியா 6,100 அடிக்கு மேலே இருப்பதால் அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணி சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் மூடியின் அழுத்தம்தான் அதைக் கொதிக்க விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. மூடியைத் திருகிய அந்த நொடியில் எல்லாம் கொதித்து முகத்தில் அடிக்கும். யாருக்காவது பட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணியில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய் எதுவும் பூசாமல் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போங்கள்.

தண்ணி நிரப்பிய பிறகும் சூடு வராவிட்டால் உள்ளே காற்று இருக்கும். வண்டியின் மூக்கு மேலே பார்க்க ஒரு சரிவில் நிறுத்தி (நமக்குச் சரிவுக்கா பஞ்சம்!), ஹேண்ட் பிரேக் போட்டு, சில்லுக்குக் கல் வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் விட்டு, ஆறிய எஞ்சினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி வரவரத் தண்ணி விடுங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், அல்லது வெள்ளைப் புகை போய்க்கொண்டே இருந்தால், ஹெட் கெஸ்கட் போயிருக்கலாம். அதை பாஸிடம் காட்டத்தான் வேண்டும்.

இரண்டாவது, தர்மோஸ்டாட். எஞ்சின் சூடாகும்வரை பெரிய ரேடியேட்டருக்குத் தண்ணியை விடாமல் தடுக்கும் சின்ன வால்வு அது. 82, 88 என்று திறக்கும் பாகை அதிலேயே அடித்திருக்கும். சில கராஜ்களில் "இது இருந்தாத்தான் ஹீட் ஆகும்" என்று சொல்லிக் கழற்றி வீசிவிடுகிறார்கள். நம் மலையில் அப்படிச் செய்தால், இறக்கத்தில் எஞ்சின் சூடாகவே ஆகாது. ஹீட்டர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். டீசலும் கூடச் செலவாகும். எஞ்சினும் சீக்கிரம் தேயும். கழற்றச் சொல்லாதீர்கள். பழுதென்றால் அதே நம்பரில் புதிது போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ். எஞ்சின் சூடானதும் நிறுத்திவிட்டு, ஒரு துணியை வைத்துத் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் குட்டி ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது வால்வு மூடியிருக்கிறது. இரண்டும் சூடு என்றால் தண்ணி சரி. டாஷ்போர்டுக்குள் சூட்டுக் கதவைத் திருப்பும் கேபிள் கழன்றிருக்கும். இரண்டும் குளிர் என்றால் முன்னே சொன்ன தண்ணியும் தர்மோஸ்டாட்டும்தான். இல்லாவிட்டால் யாராவது ஹோஸை மாற்றிக் கட்டியிருப்பார்கள். அடைப்புக்குப் பெரும்பாலும் நாமே காரணம். பீலித் தண்ணியை வாளியில் பிடித்து ஊற்றி, துருவும் சேறும் சேர்ந்துவிடுகிறது. கலந்து வரும் கூலன்ட் விடுவது நல்லது. நம் குளிருக்கு அது உறையாமல் இருப்பதற்காக அல்ல, துருப் பிடிக்காமல் இருப்பதற்காக.

ஏற்றத்தில் சூட்டு முள் ஏறும்போது ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் ஒரு வளைவுகூடத் தாண்ட வேண்டாம். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். நன்றாக ஆறும்வரை பச்சைத் தண்ணி ஊற்றாதீர்கள், ஹெட் வெடிக்கும்.

ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று வேனுக்குள் கரிச் சட்டி வைப்பதும், எஞ்சினை ஓடவிட்டு ஷட்டரை மூடித் தூங்குவதும் உயிருக்கு ஆபத்து. அந்த நச்சு வாயுவுக்கு வாசம் கிடையாது. தலைவலி, வாந்தி, மயக்கம் என்று வந்து ஆள் எழும்பாமலே போகலாம். லயத்து அறையில் கதவை அடைத்துப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கரிச் சட்டி வைக்கும் பழக்கமும் இதேதான். யாராவது மயங்கினால் உடனே வெளியே காற்றில் தூக்கிப் போட்டு, 1990 அம்புலன்ஸுக்குப் பேசுங்கள், காசு இல்லை.

மிச்சக் கூலன்டைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பச்சையாக, இனிப்பாக இருக்கும், பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். பல வகைக் கூலன்ட் கொடிய விஷம். கழற்றிய தண்ணியைப் பீலிப் பக்கமும் கானிலும் கொட்ட வேண்டாம்.