களஞ்சியத்திலிருந்து நீங்கும் பொதிகள்

1993இல் இயன் மர்டாக் தொடங்கிவைத்த டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலைக் கையாள்வோர், தாம் நெடுங்காலம் பழகிய மென்பொருட் பொதியொன்று புதிய பதிப்பின் களஞ்சியத்தில் காணப்படாதபோது மனக்கிலேசம் அடைவது நியாயமே. ஆயினும் அக்கிலேசத்தினின்று பிறக்கும் அபிப்பிராயங்களுள் பல வெறும் பிரமைகளே.

நம்பிக்கை: யாரோ ஓர் அதிகாரி தம் மனம்போன போக்கில் பொதிகளை நீக்கிவிடுகிறார்.

உண்மை: நீக்கத்தை வேண்டுபவர், அவர் அப்பொதியின் பராமரிப்பாளரேயாயினும், காரணத்தைக் காட்டி, எவரும் படிக்கத்தக்க பிழையறிக்கையாக விண்ணப்பித்தல் வேண்டும். களஞ்சியத்தை நிர்வகிக்கும் எஃப்.டி.பி. மாஸ்டர்கள் என்ற குழுவினர், அப்பொதியைச் சார்ந்து வேறு பொதிகள் நிற்கின்றனவா என்று சோதித்து, நிற்குமாயின் முதலில் அவற்றுக்கு ஒரு வழி செய்யுமாறு சொல்லி விண்ணப்பத்தை நிறுத்திவைப்பதே வழக்கம். உதாரணமாக, பைதான் மொழியின் 2ஆம் தலைமுறைக்கு அதனை உருவாக்கியோர் 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு ஆதரவை முடித்துக்கொண்டனர். ஆனால் அதனைச் சார்ந்திருந்த பொதிகளை ஒவ்வொன்றாக 3ஆம் தலைமுறைக்கு மாற்றுவதும், மாற்றுவதற்கு ஆளில்லாதவற்றை விலக்குவதுமாகிய காரியம் நீண்டுகொண்டே போயிற்று. 2021 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 11இலும், வேறு சில பொதிகளை உருவாக்கும் பொருட்டு, அந்த 2ஆம் தலைமுறை இடம்பெற்றிருந்தது. 2023 ஜூனில் வெளிவந்த 12இல்தான் இல்லாமற்போயிற்று. இதனையும் அவசரகோலம் என்று பழிப்போர் உளர் என்பதுதான் எனக்கு விளங்காத அதிசயம்.

நம்பிக்கை: பராமரிப்பாளர் விலகினால் பொதியும் கூடவே போய்விடும்.

உண்மை: போய்விடாது. பராமரிப்பாளர் (அவர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர், மென்பொருளை இயற்றியவர் வேறொருவராகவே இருப்பார்) அநாதை என அறிவித்துச் சென்ற பொதி, தரக் குழுவின் பெயரில் களஞ்சியத்திலேயே இருந்துவரும், தகுதியும் விருப்பமும் உடையவர் எவரும் ஏற்றுக்கொள்ளலாம். கடுமையான பிழை தீராமல் நின்றதால், அடுத்த பதிப்பு உருவாகும் டெஸ்டிங் கிளையிலிருந்து விலக்கப்பட்ட பொதிக்கும், பிழை தீர்ந்தபின் திரும்பிவர வழியுண்டு.

நம்பிக்கை: களஞ்சியத்தில் நீக்கப்பட்டது என் கணினியிலிருந்தும் அழிந்துவிடும்.

உண்மை: நூல்நிலையத்தின் பட்டியலில் ஒரு நூலின் பெயரை அடித்துவிட்டதனால், அதை முன்பே இரவல் வாங்கியவர் வீட்டு அலமாரியிலிருந்து அது மாயமாய் மறைந்துவிடுவதில்லை. நீக்கம் சாதாரணமாக, புதிய பொதிகள் முதலில் வந்துசேரும் அன்ஸ்டேபிள் கிளையில் நிகழ்ந்து, பின்னர் டெஸ்டிங்கிற்குப் பரவுமேயன்றி, முன்பே வெளிவந்துவிட்ட நிலையான பதிப்பை, அபூர்வமான சந்தர்ப்பங்கள் நீங்கலாக, தீண்டுவதில்லை. களஞ்சியத்தில் ஏறிய பழைய பொதிகளையும் 2005ஆம் ஆண்டு முதலாக ஸ்னாப்ஷாட் என்னும் சேவை சேமித்து வைத்திருக்கிறது. வேண்டுவோர் அங்கே தேடி எடுக்கலாம்.

ஆகவே இழந்துவிட்டோம் என்ற அச்சத்திற்கு ஆதாரமில்லை. கவலைப்படத்தக்க விஷயம் இதற்கு நேர்மாறானது. புதிய பதிப்பிற்கு மாறிய கணினியில், களஞ்சியம் கைவிட்ட பொதி யாதொரு முணுமுணுப்பும் இன்றி முன்போலவே இயங்கிக்கொண்டிருக்கும்; அதில் நாளை ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்படுமாயின், அதனை அடைத்துப் புதுப்பிப்பு அனுப்பும் பொறுப்பு டெபியனில் எவருக்கும் இராது. அன்றாடம் புதுப்பித்துவருகிறேன், ஆகையால் எனக்கு அபாயமில்லை என்று நிம்மதியாக இருப்பவர்கூட இத்தகைய பொதிகளைப் பல ஆண்டுகள் அறியாமலே சுமந்துகொண்டிருக்கக்கூடும். புதுப்பிக்க ஒன்றும் இல்லாதபோது அவருக்கு எச்சரிக்கையும் வருவதில்லை.

எந்தக் களஞ்சியத்திலும் இப்போது இடம்பெறாத பொதிகள் எவை என்று ஆப்ட் கருவியைக் கேட்டால் அது பட்டியலிட்டுக் காட்டும். களஞ்சியத்திற்கு வெளியிலிருந்து தாமே இறக்கி நிறுவிக்கொண்டவையும் அப்பட்டியலில் கலந்தே வருமாதலால், அவற்றைப் பிரித்து ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றுள் எது இன்னும் தேவை, எதற்கு மாற்று உண்டு என்று ஒவ்வொன்றாய் நிதானித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.