கணக்கில் சேராத பிஸ்கட்

கேள்வி: எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒருமுறை வாசகர் வட்டம் கூடுகிறது. சென்ற கூட்டத்தில் 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' படத்தையும் அதற்கு மூலமான ஸ்டீபன் கிங்கின் குறுநாவலையும் எடுத்துக்கொண்டோம். கைதிகளான ஆன்டி, ரெட் இருவரின் நட்பைப் பற்றிப் பேசி எல்லோரும் உருகினார்கள். கடைசியில், சிறை வார்டராக இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "உள்ளே சிநேகிதம் எல்லாம் கிடையாதும்மா. பீடிக்கட்டு இருக்கிறவனுக்கு நாலு பேர் கூட்டாளி. கட்டு தீர்ந்தால் கூட்டும் தீர்ந்தது. நட்பு, நம்பிக்கை எல்லாம் வெளியே உட்கார்ந்து எழுதுகிறவர்கள் கட்டிவிடுவது" என்றார். யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. சிறைக்கதைகளில் வரும் நட்பும் நம்பிக்கையும் நம் மன ஆறுதலுக்காகச் செய்த பொய்தானா? அடுத்து எதைப் படிக்கலாம்?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்தப் பெரியவர் சொன்னதை ஒதுக்கிவிடாதீர்கள். உள்ளே எல்லாமே கொடுக்கல் வாங்கல்தான் என்பதை நல்ல சிறைக்கதை எழுதிய ஒருவர்கூட மறைத்ததில்லை. நீங்கள் படித்த கதையிலேயே பாருங்கள். ரெட் யார்? கேட்ட சாமானை வெளியிலிருந்து வரவழைத்து, தன் பங்கையும் மேலே வைத்து விற்கிறவன். ஆன்டி முதன்முதலில் அவனைத் தேடி வந்தது சிநேகிதம் பிடிக்க அல்ல, கல் செதுக்கும் சின்னச் சுத்தியல் ஒன்று வாங்க. நாம் உருகுகிற அந்த நட்பு ஒரு வியாபாரத்தில்தான் தொடங்குகிறது.

ஆனால் வெளியே உட்கார்ந்து எழுதுகிறவர்கள் என்று அவர் சொன்னதை ஒப்புக்கொள்ள முடியாது. கிங்கைப் பற்றி அப்படிச் சொல்லலாம். தஸ்தயேவ்ஸ்கி சைபீரியாவின் ஓம்ஸ்க் சிறையில் காலில் விலங்கோடு நான்கு வருடம் கிடந்துவிட்டு வந்தவர். சோல்செனிட்சின், ஸ்டாலினைக் குறை சொல்லி எழுதிய கடிதங்களுக்காக 1945-இல் கைதாகி எட்டு வருடத் தண்டனை பெற்றவர். கஜகஸ்தானின் எகிபாஸ்துஸ் முகாமில் கொத்தனார் வேலை பார்த்தவர். வைக்கம் முகம்மது பஷீர் திருவனந்தபுரம் மத்தியச் சிறையில் இருந்தவர். உங்கள் பெரியவர் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த பீடிக் கணக்கை இவர்கள் அந்தப் பக்கம் இருந்து பார்த்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்குச் சோல்செனிட்சினின் 'இவான் டெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்' நாவலை எடுங்கள். 1962 நவம்பரில் 'நோவி மிர்' இதழில் வெளியானது. சோவியத் தலைவர் குருஷ்சேவ் சம்மதித்த பிறகே அச்சுக்குப் போனது. கைதிகள் முகாமில் 1951 ஜனவரியில் ஒரு நாள், விடியலில் எழுப்புவதிலிருந்து இரவு படுக்கும் வரை, அவ்வளவுதான் கதை. கதையின் நாயகன் ஷுக்கோவ் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டுத் தப்பி வந்தவன். தப்பி வந்ததே குற்றமாகி, உளவாளி என்று பத்து வருடம் போட்டுவிட்டார்கள். தொப்பியில், மார்பில், முதுகில், முழங்காலில் எல்லாம் அவன் எண் எழுதியிருக்கிறது.

அந்த முகாமில் ஒரு வாய்க் கஞ்சிக்கும் விலை உண்டு. சீசர் என்ற சினிமாக்காரனுக்கு வீட்டிலிருந்து பார்சல் வரும். பார்சல் வரிசையில் அவனுக்காக ஷுக்கோவ் போய் இடம் பிடித்து நிற்கிறான். சீசரின் இரவுச் சாப்பாடு கூலியாக இவனுக்கு வருகிறது. சீசர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தால் இவன் பக்கத்தில் போய் நிற்பான், வாய் திறந்து கேட்க மாட்டான். பெத்யுகோவ் என்று இன்னொருவன் இருக்கிறான். அவன் புகைப்பவனின் வாயையே பார்த்துக்கொண்டு கெஞ்சுவான். இருவருக்கும் வேண்டியது அதே துண்டு சிகரெட்தான். கெஞ்சாமல் நிற்பது ஒன்றுதான் ஷுக்கோவிடம் மிச்சம் இருக்கிற சொத்து. தலையில் தொப்பியோடு அவன் சாப்பிட உட்கார்வதில்லை. அலுமினியக் கம்பியை உருக்கித் தானே வார்த்த ஸ்பூனில் இடத்தையும் வருடத்தையும் கீறி, பூட்ஸுக்குள் செருகி வைத்திருக்கிறான். எண் போட்டுவிட்டவர்கள் பறிக்க முடியாதபடி அவன் தன்னைத் தானாக வைத்துக்கொள்வது இந்த மாதிரிச் சின்னச் சின்னப் பிடிவாதங்களில்தான்.

இரவாகிறது. பார்சல் திருடு போகாமல் காப்பாற்ற ஷுக்கோவ் சீசருக்கு வழி சொல்கிறான். சீசர் இரண்டு பிஸ்கட்டும் இரண்டு சர்க்கரைக் கட்டியும் ஒரு வில்லை சாசேஜும் தருகிறான். இதுவரை கணக்கு நேராக இருக்கிறது. பக்கத்தில் அல்யோஷ்கா படுத்திருக்கிறான். நற்செய்தியை நோட்டில் எழுதிச் சுவர் இடுக்கில் ஒளித்து வைத்திருக்கும் பாப்டிஸ்ட் கிறிஸ்தவன். யார் எந்த வேலை சொன்னாலும் தட்டாமல் செய்வான். அதை வைத்துச் சம்பாதிக்கத் தெரியாது. ஷுக்கோவ் ஒரு பிஸ்கட்டை எடுத்து அவனிடம் நீட்டுகிறான். உனக்கே இல்லையே என்று அவன் தயங்க, சாப்பிடு என்கிறான்.

இந்தப் பக்கத்தைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அந்தப் பிஸ்கட் திரும்பி வராது, அதற்கு ஈடாக எதுவும் வராது, தெரிந்தேதான் கொடுக்கிறான். நாளெல்லாம் கணக்குப் பார்த்தே பிழைக்க வேண்டிய ஒருவன் ஒரு தடவை கணக்குப் பார்க்காமல் விடுகிறானே, சிறைக்கதைகளில் நட்பு பிறக்கிற இடம் அதுதான் என்பது என் எண்ணம். எல்லாவற்றையும் பிறர் கையிலிருந்து வாங்கியே ஆக வேண்டிய இடத்தில் கொடுக்கவும் முடிகிறவன், அந்த நேரத்துக்கு யாருடைய கைதியும் இல்லை. பிள்ளைகள் வாயிலிருந்து பிடுங்கி எனக்கு அனுப்பாதே என்று பார்சலை நிறுத்தச் சொல்லி மனைவிக்கு எழுதியவனும் இதே ஷுக்கோவ்தான்.

நம்பிக்கை விஷயத்துக்கு வருகிறேன். விடுதலையை அவன் பெரிதாக நம்புவதில்லை. தண்டனை முடிகிற கையோடு இன்னொரு பத்து வருடம் எழுதிவிடுவார்கள் என்று முகாமில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று பகலில், எலும்பு வரை இறங்குகிற குளிரில் மின்நிலையச் சுவரைக் கட்டும்போது அவன் வேறு ஆள். கலவை உறைவதற்குள் கல்லை வைத்தாக வேண்டும். அதற்கென்று நல்ல கொத்தனார் கரண்டி ஒன்றை யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறான். வேலை முடிகிற சத்தம் கேட்ட பிறகும், மிச்சக் கலவையை வீணாக்க மனம் வராமல் கட்டிக்கொண்டே இருக்கிறான். தாமதித்தால் காவலர்கள் சும்மா விட மாட்டார்கள். காது மந்தமான சென்கா அவனை விட்டு ஓடாமல் கூடவே நிற்கிறான். கிளம்பும்போது ஷுக்கோவ் திரும்பி நின்று, சுவர் நேராக எழுந்திருக்கிறதா என்று கண்ணாலேயே மட்டம் பார்க்கிறான். அது அவனை அடைத்து வைத்திருக்கும் அரசாங்கத்தின் சுவர். அது தெரிந்தும் கோணலாகக் கட்ட அவன் கை ஒப்பவில்லை. வெளியே போவோம் என்ற எண்ணம் துளியும் இல்லாமல் ஒருவன் நம்பிக்கையோடு இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியை நான் படித்ததில்லை.

இதனோடு சேர்த்துப் படிக்க, பஷீரின் 'மதிலுகள்' தமிழில் 'மதில்கள்' என்று கிடைக்கிறது. அளவில் சின்னது. அரசியல் கைதிகள் எல்லோரும் விடுதலையாகிப் போக, பஷீரின் பெயர் மட்டும் விடுபட்டுப் போகிறது. வெளியே போகும் ஆசை அங்கே முறிகிறது. மதிலேறிக் குதித்துவிடலாமா என்றுகூட நினைக்கிறார். அந்த நிலையில்தான் மதிலுக்கு அப்பால், பெண்கள் சிறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அவள் நாராயணி. கடைசிவரை இருவரும் முகம் பார்ப்பதில்லை. அவள் காய்ந்த குச்சி ஒன்றை மேலே எறிவாள். மதிலுக்கு மேலே குச்சி தெரிந்தால் வந்துவிட்டாள் என்று அர்த்தம். அவள் ரோஜாச் செடி கேட்கிறாள். தான் வளர்த்த செடிகளில் ஒன்றை வேரோடு எடுத்து, மண்ணோடு கட்டி, இவர் மதிலுக்கு மேலே வீசுகிறார். சிறை ஆஸ்பத்திரியில் சந்திக்க நாள் குறிக்கிறார்கள். அந்த நாள் வருவதற்குள் விடுதலை உத்தரவு வந்துவிடுகிறது. அவ்வளவு நாள் ஏங்கிய உத்தரவு, கைக்கு வரும்போது அவருக்கு வேண்டாததாக இருக்கிறது. அடூர் கோபாலகிருஷ்ணன் இதைப் படமாக எடுத்தபோது நாராயணியைக் காட்டவே இல்லை, கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டும்தான். அந்த முடிவுக்காக அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். பஷீராக நடித்த மம்மூட்டியோடு நாமும் மதிலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறோம்.

இவற்றைப் படித்துவிட்டு ஷாஷாங்குக்குத் திரும்பி வந்தால் அதுவும் வேறு மாதிரி தெரியும். கூரைக்குத் தார் பூசும் காட்சியை நினைத்துப் பாருங்கள். காவலர் ஹாட்லிக்குக் கிடைத்த சொத்தில் வரி போகாமல் இருக்க ஆன்டி வழி சொல்கிறான். விலையாகக் கேட்பது, கூட வேலை செய்கிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று பீர். தான் ஒரு மடக்கும் குடிக்காமல் ஓரமாக உட்கார்ந்து, அவர்கள் குடிப்பதைப் பார்க்கிறான். பேரம் பேசி வாங்கியதைத்தான் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டான். பெரியவரின் பீடிக்கட்டுக்கு அந்தக் கூட்டத்திலேயே பதில் இருந்தது.

அந்தப் படத்தில் எனக்கு மிக முக்கியமானவர் ப்ரூக்ஸ் என்ற கிழவர். ஐம்பது வருடம் உள்ளே இருந்தவர். அங்கே அவர் நூலகர், தெரியாதவர் கிடையாது. வெளியே வந்தால் மளிகைக் கடையில் பை கட்டித் தரும் யாரோ ஒரு கிழவர். சிறை பறிக்காத அடையாளத்தை விடுதலை பறித்துவிடுகிறது. தங்கிய அறையின் உத்தரத்தில் தன் பெயரைச் செதுக்கிவிட்டுத் தூக்கு மாட்டிக்கொள்கிறார். கிங்கின் கதையில் சில வரிகளில் வந்துபோகிற இவரைப் படத்தில் இவ்வளவு பெரிதாக வளர்த்தவர் இயக்குநர் ஃப்ராங்க் டாரபான்ட். பிறகு ரெட் அதே அறைக்கு, அதே கடை வேலைக்கு வருகிறான். கழிப்பறைக்குப் போகக்கூட மேலாளரிடம் அனுமதி கேட்கிறான். ப்ரூக்ஸுக்கு இல்லாமல் போனது இவனுக்கு இருக்கிறது: கிராமத்து வயலோரக் கற்சுவரில் ஒரு கல்லுக்கு அடியில் ஆன்டி கடிதமும் பணமும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். தன்னை இன்னான் என்று அறிந்த ஒருவன் வெளியே எங்கோ காத்திருக்கிறான். கயிற்றிலிருந்து ரெட்டைக் காப்பாற்றுவது அதுதான்.

ஆறுதலுக்காகச் செய்த பொய் என்று நீங்கள் சந்தேகப்பட ஓர் இடம் உண்டு. கடற்கரையில் இருவரும் சந்திக்கும் கடைசிக் காட்சி மூலக்கதையில் இல்லை. மெக்சிகோவை நோக்கி ரெட் புறப்படுகிறான். போய்ச் சேருவானா என்று தெரியாது, சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறான். அங்கேயே கதை முடிகிறது. என் ஓட்டு அந்த முடிவுக்கே.

தமிழில் இதற்குப் பக்கத்தில் வைக்க ஒரு படம் உண்டு. ஷாஷாங்க் வந்த அதே 1994-இல் வந்த 'மகாநதி'. கமல்ஹாசனின் கிருஷ்ணசாமிக்குச் சிறையில் துணையாக வரும் பஞ்சாபகேசனை, பூர்ணம் விசுவநாதனின் அந்தச் சாந்தமான முகத்தை, உங்கள் வட்டத்தில் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். வெளியே வந்த பிறகு அந்த உறவு குடும்ப உறவாகவே ஆகிவிடுகிறது.

சோல்செனிட்சினை முடித்த பிறகு மனுவேல் புயிக்கின் 'சிலந்திப் பெண்ணின் முத்தம்' நாவலை எடுங்கள். ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைக்கும். 1976-இல் ஸ்பெயினில் வெளியாகி, ஆசிரியரின் சொந்த நாடான அர்ஜென்டினாவில் தடை செய்யப்பட்டது. புவெனஸ் ஐரிஸ் சிறையில் ஒரே அறையில் இருவர். வலென்டின் புரட்சி இயக்கத்துக்காரன். மொலினா ஆணாகப் பிறந்து தன்னைப் பெண்ணாகவே எண்ணி வாழ்பவள். உங்கள் பெரியவர் முதலில் தலையாட்டுவார், ஏனென்றால் மொலினா அதிகாரிகளின் ஆள். இயக்க ரகசியத்தைக் கறந்து கொடுத்தால் சீக்கிரம் விடுதலை என்று பேசித்தான் அவளை அங்கே போட்டிருக்கிறார்கள். வலென்டினின் உடம்பைக் கெடுக்கச் சாப்பாட்டில் விஷம் கலக்கிறார்கள். எழ முடியாமல் படுக்கையிலேயே கழிந்துவிடும் அவனை மொலினா தன் படுக்கை விரிப்பை எடுத்துத் துடைத்துவிடுகிறாள். அம்மா பார்க்க வந்தது போல் காட்டினால்தான் அவன் சந்தேகப்பட மாட்டான் என்று சிறையதிகாரியிடம் சொல்லி, சுட்ட கோழி முதல் பழம் வரை பட்டியல் போட்டு வாங்கி வந்து அவனுக்குக் கொடுக்கிறாள். உளவுக்குக் கொடுத்த கூலியை வைத்தே நோயாளியைத் தேற்றுகிறாள். எந்த நிமிடத்தில் பேரம் முடிந்து பாசம் தொடங்கியது என்று புயிக் சொல்வதில்லை.

அவர் சொல்ல வழியும் இல்லை. நாவலின் பெரும்பகுதி வெறும் பேச்சு. பேசுவது யார் என்ற குறிப்புகூடக் கிடையாது. பொழுது போக மொலினா தான் பார்த்த சினிமாக் கதைகளைச் சொல்ல, வலென்டின் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்கிறான். அதனால் தனியாகப் படிப்பதைவிட, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து வாசித்தால் நன்றாக இருக்கும். முழு நாவலும் ஒரு கூட்டத்தில் முடியாது. முதல் சினிமாக் கதையும், வலென்டின் நோயில் கிடக்கும் பகுதியும் போதும். உடலுறவு வெளிப்படையாக வருகிற இடங்கள் உண்டு, அதை உறுப்பினர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு குரலை அந்த ஓய்வு பெற்ற வார்டரிடமே வாசிக்கக் கொடுங்கள். மொலினாவின் குரலாக இருந்தால் இன்னும் நல்லது.